வலக்காது

அவள் குட்டிகளை மூடியிருந்த மூங்கில் கூட்டைத் தூக்கினாள்.

பகலெல்லாம் அடைபட்டிருந்த குட்டிகள் வெளியே பாய்ந்தன. மேய்ச்சலிலிருந்து திரும்பிய தாயாடுகள் அறுத்த வயலில் நின்று கத்தின. ஒவ்வொரு குட்டியும் தன் தாயைத் தேடி ஓடியது.

ஒன்று செவலையிடம் போய் நின்றது.

இன்னொன்று சுட்டியின் மடியை முட்டியது. மூன்றாவது மயிலையின் காலிடையில் நுழைந்தது.

செவலை, சுட்டி, மயிலை. மூன்றும் அவளுடைய ஆடுகள்.

அம்மா கொடுத்த ஆட்டின் வழி வந்தவை. இடக்காது நுனியில் வெட்டிய ஒரு பிளவு, அவள் பிறந்த வீட்டு அடையாளம். கணவனின் மந்தையோடு எத்தனை ஊர் போனாலும் அவை போடும் குட்டிகளுக்கும் அந்த அடையாளம்தான். அவளுக்குப் பிறகு அவை மகளுக்கு. இப்போது மகளுக்கும் ஒரு மகள்.

மகளின் பிரசவத்துக்காக ஊரில் ஒரு மாதம் இருந்தாள். சொன்ன நாளுக்கு முன்பே, அன்று மதியம், வயலில் மந்தை அடைத்திருந்த கிடைக்குத் திரும்பியிருந்தாள்.

அவளுடைய ஆடுகள் போட்ட குட்டிகள் செத்துவிட்டன என்று கணவன் போனில் சொல்லியிருந்தான்.

பருவம் தப்பிய மழை, கழிச்சல், ஒவ்வொன்றாகப் போய்விட்டது என்றான். புதைத்த இடத்தைக்கூடச் சொன்னான். வாய்க்கால் ஓரம், கருவேல மரத்தடியில். சொல்லும்போதே அழுதுவிட்டான்.

அவள்தான் தேற்றினாள்.

பேத்திக்கென்று சொல்லிவைத்திருந்த குட்டியை நினைத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் கண்ணைத் துடைத்துக்கொண்டே, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

இப்போது குனிந்து பார்த்தாள்.

செவலையிடம் நின்ற குட்டியின் இடக்காது முழுசாக இருந்தது. வலக்காதின் அடியில் பிறை போல ஒரு வெட்டு. அவன் வீட்டு அடையாளம். மற்ற இரண்டுக்கும் அதே வெட்டு.

பொருக்கு இன்னும் உதிரவில்லை.

மந்தையைச் சுற்றிக் கட்டும் பட்டி வலைக்குக் குச்சி ஊன்றிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

“பசிச்ச குட்டி, பிள்ள. யார் மடின்னு பாக்குமா?”

செவலை குட்டியின் வாலடியை மோந்து பார்த்தது. வேற்றுக்குட்டி என்றால் உதைத்துத் தள்ளியிருக்கும். அது அவனுக்கும் தெரியும். இருபத்திரண்டு வருடம் இருவரும் சேர்ந்து கூடு தூக்கியிருக்கிறார்கள்.

செவலை பின்னங்கால்களை அகட்டி நின்று பால் கொடுத்தது.

அவள் மனம் எதையாவது சொல்லி அவனைக் காப்பாற்றப் பார்த்தது. அவசரத்தில் காது மாற்றி வெட்டியிருப்பான். பிறகு பயந்திருப்பான்.

ஒரு குட்டி என்றால் சரி.

அந்த அழுகையை மட்டும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“செத்ததுகளுக்கு நல்ல பசி” என்றாள்.

அவன் மறுபடி குச்சியை நோக்கிக் குனிந்தான்.

இரண்டு வயல் தள்ளி அவள் அண்ணனின் கிடை. அடுப்புப் புகை தெரிந்தது. நடந்து போக இன்னும் வெளிச்சம் இருந்தது.

பிரிக்காத துணிமூட்டையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். வலை கட்டாத பக்கம் போய் நின்று நாக்கைத் தட்டினாள். அம்மா ஆடுகளைக் கூப்பிடும் அதே தட்டல்.

செவலை தலையைத் தூக்கியது. பிறகு சுட்டி. பிறகு மயிலை.

“குட்டிய விட்டுட்டுப் போ” என்றான்.

குட்டிகளை அவள் கூப்பிடவேயில்லை.

வரப்பில் ஏறி நடந்தாள். பின்னால் குளம்புச் சத்தம் கேட்டது.

சற்றுக் கழித்து, சின்னக் குளம்புகள்.