வாயு மூலை

மிதுனா வாஸ்து கதைக்கத் தொடங்கினால் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

நானும் அவளும் ஒண்டாய்ப் படிச்சனாங்கள். வெள்ளவத்தையில ஒரு பார்மசிக்கு மேல ரெண்டு மேசை போட்டு, வீடுகளுக்கு உள் டிசைன் செய்து குடுக்கிறம். யோசிக்கிறது அவள், பிளான் கீறுறது நான். ஒவ்வொரு ஒழுங்கையிலயும் வீட்டை இடிச்சு ஃபிளாட் எழுப்பிக்கொண்டு இருக்கினம். எங்களுக்கு மூச்சு விட நேரமில்லை. இவ்வளவு பேர் எடுத்தவளுக்கு இந்தச் சாத்திரம் என்னத்துக்கு?

அண்டைக்கு பாமன்கடையில, சவுந்தரநாயகம் அங்கிள் வீடு. ஏழாம் மாடி. பாங்க் மனேஜராய் இருந்து ரிடயர் ஆனவர், எதையும் ரெண்டு தரம் பார்க்கிற ஆள். குசினியைப் புதுசாக்க வேணுமாம். அதுக்குப் பின்னால இருக்கிற சின்ன அறையின்ர யன்னலை அடைச்சு, சுவர் முழுக்க அலுமாரி வேணுமாம்.

"அந்த யன்னலில கை வைக்கேலாது அங்கிள்," எண்டாள் மிதுனா.

"ஏன் பிள்ளை? அது ஸ்டோர் ரூம்தானே?"

நானும் எட்டிப் பார்த்தன். அரிசி மூட்டை, தேங்காய், உடைஞ்ச ஃபான், சுருட்டி வைச்ச ஒரு பாய், ஒரு பை. ஸ்டோர் ரூம்தான்.

"அது வாயு மூலை அங்கிள். அடைச்சால் வீட்டுக்காரருக்கு நெஞ்சில வருத்தம் வரும்."

நேசமலர் அன்ரி பதறிப் போனா. "ஐயோ, இவருக்கு ஏற்கெனவே பிரஷர்!"

அங்கிள் லேசில விடேல்லை. ஃபோனை எடுத்து, திசை காட்டியைத் திறந்து, அறை வாசலில நிண்டு பார்த்தார்.

"வாயு மூலை வடமேற்கு எல்லோ? இது தென்கிழக்கு எண்டு காட்டுது."

துலைஞ்சம் எண்டு நினைச்சன். மிதுனா அசையேல்லை.

"பில்டிங் முழுக்க இரும்புக் கம்பி அங்கிள். இதுக்குள்ள ஃபோன் சரியாய்க் காட்டாது. யன்னல் இறுகிப் போய்க் கிடக்கு, நல்லாத் திறக்கிற மாதிரி மாத்தோணும். சுவரில ஒரு புது ஃபானும் பூட்டோணும். அந்த மூலையில காத்து ஓடிக்கொண்டே இருக்கோணும்."

"அப்ப என்ர அலுமாரி?"

"முன் ஹோலில வைப்பம். பார்க்கிற ஆக்கள் எங்க செய்தது எண்டு கேப்பினம், அவ்வளவு வடிவாய்ச் செய்து தாறன்."

"பிள்ளை சொல்லுறபடி செய்யுங்கோவன்," எண்டா அன்ரி. அங்கிள் அரை மனதோட தலையாட்டினார். வேலைக்கு நிக்கிற புஷ்பராணி அக்கா எல்லாருக்கும் தேத்தண்ணி கொண்டந்து வைச்சிட்டுப் போனா.

லிஃப்ட் கதவு மூடினதும் நான் வெடிச்சன்.

"உனக்கு வெக்கமாய் இல்லையே? கொட்டாஞ்சேனையில உன்ர வாயு மூலை தெற்கில. நுகேகொடையில கிழக்கில. இண்டைக்கு தென்கிழக்கு! ஹெந்தளையில ஹுசைன் நானாவிட்ட வாஸ்து எடுபடாது எண்டு, யன்னலை அடைச்சால் காஸ் தேங்கும் எண்டு வெருட்டினாய். படிச்ச நீயே சனத்தைப் பேய்க்காட்டினால் எப்பிடி?"

"முடிஞ்சுதோ?"

"முடியேல்லை. நான் போய் அந்த மனுசனுக்கு உண்மையைச் சொல்லப் போறன்."

லிஃப்ட் கீழ வந்து நிண்டுது. நான் இறங்காமல் ஏழாம் நம்பரைத் திரும்ப அமத்தினன். அவளும் இறங்கேல்லை.

"போய்ச் சொல்லு ஹரிசன். நாளைக்கே யன்னலை அடைச்சுப் போடுவினம்."

"அடைக்கட்டன்! அவையின்ர ஸ்டோர் ரூம், அவையின்ர யன்னல்."

"அந்த ஸ்டோர் ரூமுக்குள்ள என்ன கிடந்தது?"

"அரிசி, தேங்காய், ஒரு உடைஞ்ச ஃபான்..."

"வேற?"

"ஒரு பாய்."

அப்பதான் ஞாபகம் வந்தது. கொட்டாஞ்சேனையிலயும் ஒரு பாய் கிடந்தது. நுகேகொடையிலயும், ஹெந்தளையிலயும் கிடந்தது. அந்த மூண்டு பிளானிலயும் அந்த அறைக்கு 'ஸ்டோர்' எண்டு எழுதினது நான்தான்.

"அதுக்கெல்லாம் முதல் செய்த ரெண்டு வீட்டிலயும் நேராத்தான் கேட்டனான்," எண்டாள் மிதுனா. "கெஞ்சினனான். 'இராவைக்குப் படுக்க மட்டும்தானே, அதுக்கு யன்னல் என்னத்துக்கு' எண்டு சிரிச்சுப்போட்டு அடைச்சவை. தங்கட நெஞ்சுக்கு வருத்தம் எண்டால் மட்டும் ஒருத்தரும் அடைக்கிறேல்லை."

லிஃப்ட் ஏழாம் மாடியில நிண்டு கதவு திறந்தது.

"இறங்கன்," எண்டாள். "போய்ச் சொல்லு. வேலைக்கு நிக்கிறவையின்ர பாய் எந்தப் பக்கம் கிடக்குதோ, அந்தப் பக்கம்தான் மிதுனாவுக்கு வாயு மூலை எண்டு."