நாற்பத்திரண்டாவது இலை

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்கத் தமயந்திக்குத் தெம்பில்லை. இணையப் பக்கம் எழுதுவதுதான் அவள் பிழைப்பு. அப்பாவின் கணினியிலேயே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினாள். அதில் ஒரே ஒரு பொத்தான். அழுத்தினால் அழுத்துகிறவரின் மின்னஞ்சல் திறக்கும். அவள் முகவரியும், 'காரியத்துக்கு வருகிறேன். ஓர் இலை' என்ற வரியும் அதில் தயாராக இருக்கும். அனுப்பினால் போதும்.

சரியாக வேலை செய்கிறதா என்று தானே ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். மடல் திறந்தது. பழகிய கை, யோசிக்காமல் அனுப்பியும் விட்டது.

மடியிலிருந்த கைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள்.

அனுப்பியவர்: அப்பா.

'காரியத்துக்கு வருகிறேன். ஓர் இலை.' அதன் கீழே, எல்லா மடலிலும் தானாகச் சேரும்படி அவர் என்றோ எழுதி வைத்திருந்த வரி: 'மற்றவை நேரில். வைத்திலிங்கம்.'

அவர் கணினியிலிருந்து போனால் அவர் பெயரில்தான் போகும். இது அவளுக்குத் தெரியாததா? தெரிந்தும், அழிக்கப் போன விரல் அழிக்காமலே திரும்பியது.

காரியத்துக்கு முந்தின நாள் வரை, அந்த மடல் நீங்கலாக, நாற்பத்தொரு பேர் வருவதாக எழுதியிருந்தார்கள். சமையல்காரர் கூப்பிட்டார்.

"எத்தனை இலைம்மா?"

"நாப்பத்திரெண்டு."

"அப்பாவுக்குப் படைக்கிற இலையையும் சேத்தாம்மா?"

"இல்லைங்க," என்றாள் தமயந்தி. "அது தனி."