மரை ஏறினால் போதுமா?

"சரியா நாலு நாள்! ஆயில் மாத்தி நாலு நாள்தான் ஆச்சு, அதுக்குள்ள இன்ஜின் ஜாம் ஆயிடுச்சுன்னா என்ன அர்த்தம்?"

மாமனாரின் குரலுக்குப் பட்டறையே திரும்பிப் பார்த்தது. காரைத் தள்ளிக்கொண்டு வந்த மாணவர்கள் இருவரும் ஓரமாக நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மாமனார் நடத்தும் டிரைவிங் ஸ்கூலுக்கு இருப்பது அந்த ஒரே கார்.

மெக்கானிக் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். கையில் கறுப்பு ஆயில் ஃபில்டர்.

"ஐயா, இது நம்ம வண்டிக்கு உள்ளதே இல்லை. வேற வண்டியோடது."

"வேற வண்டியோடதா? அப்புறம் எப்படி மாட்ட முடிஞ்சுது?"

"திருகுற மரை ரெண்டுக்கும் ஒண்ணுதான், அதனால ஏறிடும். ஆனா இந்த ரப்பர் வளையம் இருக்கு பாருங்க, இது முழுசா உட்காரணும். இங்க கால்வாசி வெளியே நிக்குது. ஊத்தியிருக்கற ஆயிலும் வேற, கெட்டியான ரகம். அந்த அழுத்தத்துல வழி நெடுக ஒழுகியிருக்கு."

மாமனாரின் மகன் குனிந்து பார்த்தான். டிரைவிங் ஸ்கூலில் எல்லோரும் அவனை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மாட்டும்போது தெரியலையா மாஸ்டர்?" என்றார் மெக்கானிக்.

"மரை ஏறிடுச்சு..." என்றான். "டேஷ்போர்டுல ஆயில் சிவப்பு விளக்கு எரிஞ்சதும் வண்டியை நிறுத்திட்டேன்."

"அவனை ஏன் கேக்கற?" என்றார் மாமனார். "கையில கொடுத்ததை மாட்டினான். வாங்கிட்டு வந்த மகராசியைக் கேளு."

மருமகள் காருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள்.

"மாடல், வருஷம் எல்லாம் சொல்லித்தான் வாங்கினேன் மாமா."

"சொன்ன லட்சணம்தான் தெரியுதே! மூடி பொருந்தினா நம்ம வீட்டு டப்பான்னு தூக்கிட்டு வர்ற ஆளு நீ. கத்தரிக்காய் வாங்கும்போது ஒவ்வொண்ணா திருப்பித் திருப்பிப் பார்க்கத் தெரியுதுல்ல?"

மாணவர்களில் ஒருவன் சிரிப்பை இருமலாக்கினான்.

மெக்கானிக் ஃபில்டரை அவளிடம் நீட்டினார். "நீங்களே பாருங்கம்மா."

அவள் வாங்கினாள். அடியிலிருந்து நுனிவரை ஒரு விரலால் தடவினாள். நிமிர்ந்து கணவனை ஒரு முறை பார்த்தாள். பிறகு அதை மேசைமேல் வைத்துவிட்டு, கையிலிருந்த எண்ணெயைப் பழைய துணியில் துடைத்தாள்.

"இதுதான் நீ வாங்கினதா?" என்றார் மாமனார்.

"கடையில கூட்டமா இருந்துது மாமா. சரியா கவனிக்காம விட்டிருப்பேன்."

மகனின் காது மடல்கள் சிவந்தன. அவன் தரையில் பரவியிருந்த எண்ணெய்க் கறையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பார்த்தியா? நாலு பேருக்கு வண்டி சொல்லித் தர்றவன், உன்னால தலையைக் குனிஞ்சுட்டு நிக்கறான். வண்டியைப் பத்தி இவளுக்கென்ன தெரியும்னு அவன் அப்பவே சொன்னான். நான்தான் கேக்காம, படிச்ச பொண்ணாச்சேன்னு டிரெய்னர் லைசென்ஸ் எடுக்க அனுப்பி வெச்சேன்."

"அப்பா, இங்க வேணாம்..." என்றான் மகன்.

"இங்க பேசாம எங்கடா பேசறது? ஒரு ஃபில்டர் பார்த்து வாங்கத் தெரியாதவ, திங்கக்கிழமையிலேர்ந்து ஸ்டியரிங் பிடிக்கக் கத்துக் கொடுக்கப் போறாளாம்!"

அதுவரை அசையாமல் நின்றவள் அப்போதுதான் பதறினாள். "மாமா, அந்த மூணு பொண்ணுங்களும் நான் சொல்லித் தர்றேன்னுதான் சேர்ந்தாங்க. அதுல ஒருத்தங்க வீட்டுல சம்மதம் வாங்கவே ஆறு மாசம் ஆச்சு."

"இப்ப வேணாம்னு சொல்லிடறேன். உனக்கு இதெல்லாம் சரிப்படாது. நீ ஆபீஸ்ல உட்கார்ந்து போன் எடு, போதும்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாணவர்கள் இருவரும் வேடிக்கை பார்ப்பதைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சரி மாமா," என்றாள். கண் நிரம்பியது. அதை மறைக்கக் காரின் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். கண்ணாடியும் அவள் முகத்தையே காட்டியது.

மெக்கானிக் சங்கடப்பட்டார். "விடுங்கய்யா. தெரியாம நடக்கறதுதானே. இன்ஜினை இறக்கிப் பார்ப்போம், சரி பண்ணிடலாம்."

"இன்ஜினை நீ சரி பண்ணிடுவே. போன மானத்தை யார் சரி பண்றது?" மாமனார் கைபேசியைத் தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கி, அந்தப் பெண்களின் எண்களைத் தேடினார். ஒன்றை அழுத்திக் காதில் வைத்தார். மறுமுனையில் மணி அடிப்பது அங்கிருந்த எல்லோருக்கும் கேட்டது.

மகன் நெருங்கி வந்து கைபேசியை அவர் காதிலிருந்து எடுத்து அணைத்தான்.

"என்னடா இது? பொண்டாட்டியை விட்டுக்கொடுக்க மனசு வரலையோ?"

"இவ்வளவு நேரம் விட்டுக்கொடுத்துட்டுத்தான்ப்பா நிக்கறேன்." அவன் யாரையும் பார்க்கவில்லை. "அவ வாங்கிட்டு வந்தது சரியான ஃபில்டர்தான், சரியான ஆயில்தான். ஃபில்டர் சின்னதா இருக்கு, ஆயில் தண்ணியா இருக்கு, இவளுக்கென்ன தெரியும்னு, அவகிட்ட ஒரு வார்த்தைகூடக் கேக்காம கடைக்குப் போய் ரெண்டையும் கொடுத்து மாத்திட்டு வந்தவன் நான்."