இருட்டு நட்சத்திரம்

அவள் கடிதத்தின் எழுத்துப் பக்கத்தில் பசையைத் தடவினாள்.

மைதாப் பசை. இன்னும் ஆறவில்லை. விரல் சுட்டது.

உள்ளறையில் மருமகள் டெல்பின் சுவருக்கு வெள்ளையடிக்கும் சத்தம். கிறிஸ்துமஸுக்கு இன்னும் எட்டு நாள். அடுத்தது மாதா படம் தொங்கும் சுவர்.

நல்லவேளை, முந்திக்கொண்டாள். இரண்டு வருடமாக அந்தப் படத்துக்குப் பின்னால் கிடந்த கடிதம் இப்போது அவள் மடியில்.

எதிரே மூங்கில் குச்சியில் கட்டிய நட்சத்திரம். நாலு முனைக்குச் சிவப்புத் தாள் ஒட்டியாகிவிட்டது. ஐந்தாவது முனைக்கும் தாளை ஒட்டி, அதன் உள்பக்கம் கடிதத்தை வைத்து அழுத்தினாள். எழுத்து சிவப்புத் தாளோடு போய் ஒட்டிக்கொண்டது. உள்ளே எட்டிப் பார்த்தாலும் வெறும் வெள்ளைக் காகிதம்.

எரித்திருக்கலாம்.

கை வரவில்லை. அதில் மகனின் பெயர் இருந்தது.

கிளீட்டஸ் போன வள்ளம் புயலோடு போயிற்று. ஏழு பேர். ஆறு வீடு அழுது முடித்தது. இவள் மட்டும் அழமாட்டேன் என்றாள். மகன் வருவான் என்றாள்.

மூன்றாம் மாதம் கடிதம் வந்தது. கரை ஒதுங்கிய உடல்களில் பதினேழாம் எண், அவளிடம் எடுத்த ரத்தத்தோடு ஒத்துப்போகிறதாம். ஒரு மாதத்துக்குள் வந்து பெற்றுக்கொள்ளவும். தவறினால் அரசே அடக்கம் செய்யும்.

அவள் போகவில்லை.

போய்க் கொண்டுவந்தால் குழி வெட்டவேண்டும். குழியை மூடிய மறுநாள் டெல்பினின் அண்ணன் ஆட்டோ பிடித்து வந்து தங்கச்சியைக் கூட்டிப்போய்விடுவான். இருபத்துநாலு வயது. பிள்ளையும் இல்லை. எவனாவது கட்டிக்கொள்வான்.

மகனும் இல்லை, மருமகளும் இல்லை என்றால், அவள் யாருக்கு மாமியார்?

கிளீட்டஸ் பதினேழாம் எண்ணாகவே மண்ணுக்குள் போனான்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஜெனோபா எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, இந்த வருசமும் இருட்டு நட்சத்திரமா? ஒரு பல்புக்கா பஞ்சம்?"

"எனக்க மொவன் வந்துதான் அதுல விளக்குப் போடணும். நேர்ச்சை. ஒனக்க வாயிலயும் கொஞ்சம் பசை தடவட்டா?"

ஜெனோபாவின் தலை மறைந்தது.

டெல்பின் வந்து எதிரே உட்கார்ந்தாள். கன்னத்தில் சுண்ணாம்பு.

"மாமி, அண்ணன் போன் பண்ணுனான். மார்த்தாண்டத்துல ஒரு மாப்பிள்ளையாம். எல்லாம் சம்மதமாம். நம்ம பாதர்தான், புருசன் செத்ததுக்கு ஒரு ரிக்கார்டு வேணும்ணு சொல்லுதாராம்."

"ரிக்கார்டு உண்டா?"

"இல்ல."

"அப்போ?"

டெல்பின் நட்சத்திரத்தைப் பார்த்தாள். "இந்த வருசம் இது வேண்டாம் மாமி. நாமளும் அழுது முடிச்சிருவோம்."

"சாவு விழுந்த வீட்லதான் நட்சத்திரம் தூக்கமாட்டாவ. இது சாவு வீடா? ஒனக்க வாயால சொல்லு. இப்பவே கிழிச்சுப் போடுதேன்."

டெல்பின் கண்ணைத் துடைத்தாள். சொல்லமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். போன வருடமும் இதே கேள்விதான்.

"ஓரம் பிரிஞ்சிருக்கு பாரு. நீவி விடு."

டெல்பின் குனிந்து, கண்ணீர் தாளில் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஐந்தாவது முனையை நீவிவிட்டாள். கடிதத்தின் மேலேயே.

மாமியாருக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது.

சாயங்காலம் குளித்துவிட்டு வந்தாள். வாசல் சிவப்பாக இருந்தது.

நட்சத்திரத்துக்குள் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

கீழே ஸ்டூலிலிருந்து டெல்பின் இறங்கினாள். "அண்ணன்கிட்ட மாட்டேன்னு சொல்லிட்டேன் மாமி. அவிய வருவாவன்னா வரட்டும். வாற மனுசனுக்கு வீடு தெரியாண்டாமா? நேர்ச்சைய நான் மாதாகிட்ட பேசிக்கிடுதேன்."

அழகாகத்தான் இருந்தது. ஒரு நிமிடம்.

பிறகு காற்றடித்தது. கயிற்றில் நட்சத்திரம் மெல்லத் திரும்பியது. ஐந்தாவது முனை வீட்டைப் பார்த்து வந்தது.

சிவப்பில் கறுப்பு எறும்பு வரிசை. அரசு முத்திரை. பதினேழு. கிளீட்டஸ்.

"அணை! கண்ணு கூசுது, அணைட்டி!"

டெல்பின் நிமிர்ந்து பார்த்தாள். அவள் உதடுகள் அசைந்தன. வரி வரியாக, நிதானமாக. கடைசியில் தேதி. தேதியை மட்டும் இரண்டு முறை படித்தாள்.

தெருமுனையில் டிரம் சத்தம். கேரல் பாட்டுக்காரர்கள். கூடவே பாதர். விளக்கு எரியும் நட்சத்திரத்தின் கீழெல்லாம் நின்று பாடுவார்கள். இரண்டு வருடமாக இந்த வீட்டைத் தாண்டிப் போனவர்கள்.

அவள் சுவிட்சை நோக்கி ஓடினாள்.

டெல்பின் ஏற்கெனவே சுவிட்சை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"கெடக்கட்டும் மாமி. பாதர் ரிக்கார்டு கேட்டாருல்லா. வந்து வாசிக்கட்டும்."

மூன்று வீடு.

இரண்டு வீடு.

ஜெனோபா வேலியருகே வந்து நின்று, "அட, எரியுதே!" என்றாள்.

மறுபடி காற்று. நட்சத்திரம் மெல்லத் திரும்பி, மகனின் பெயரைத் தெருவுக்குக் காட்டியது.