பாதிக் கீரை

பூட்டிய வீட்டில் யாரோ விட்டுப்போன கூண்டிலிருந்து மீட்டு வந்த முயல்கள் அவை இரண்டும். வெள்ளைப் பெண் முயலுக்குச் சீனி என்றும், காது கிழிந்த பழுப்பு ஆண் முயலுக்குக் கருப்பட்டி என்றும் காப்பகத்தில் பேர் வைத்தார்கள். எது கிடைத்தாலும் ஆளுக்குப் பாதி என்று தின்றுதான் அந்தக் கூண்டில் இரண்டும் பிழைத்துக் கிடந்தன.

முயல் வளர்க்க ஆசைப்பட்டு வந்த அமுதவல்லி, "வெள்ளை ஒண்ணு போதும்" என்றாள்.

"போ புள்ள. நல்ல மனுஷியாத்தான் தெரியுது" என்றது கருப்பட்டி, சீனியிடம். "அங்க போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத."

புது வீட்டில் அமுதவல்லி ஒரு கட்டுக் கீரை வைத்தாள். சீனி பாதியைத் தின்றுவிட்டு, மீதியை மூக்கால் ஓரமாகத் தள்ளி வைத்தது. கீரை அதிகம் போலிருக்கிறது என்று மறுநாள் அமுதவல்லி அரைக் கட்டு வைத்தாள். அதிலும் பாதி மிஞ்சியது. அடுத்த நாள் கால் கட்டு. சீனிக்கு வயிறு காந்தியது. ஆனாலும் பாதிக்கு மேல் வாய் போகவில்லை.

நாலாம் நாள் ஒற்றைத் தண்டு. அதையும் சீனி நடுவோடு நிறுத்தி ஓரமாகத் தள்ளியது.

"யாருக்குடி எடுத்து வைக்கிற?" என்று கேட்ட அமுதவல்லி, கேட்ட வாயை மூடாமலே கூடையை எடுத்துக்கொண்டு காப்பகத்துக்குப் போனாள்.

சாயங்காலம் கூடையிலிருந்து கருப்பட்டி இறங்கியது. சீனி ஓரத்தில் கிடந்ததை அதன் முன்னால் தள்ளியது.

"என்ன புள்ள, வாடிக் கிடக்கு?"

"நேரத்துக்கு வந்திருந்தா பச்சையா இருந்திருக்கும்" என்றது சீனி.