நாற்பத்தேழு கமா

கதவைச் சாத்திவிட்டுத்தான் மேனேஜர் பேச்சை ஆரம்பித்தார். "எத்தனை நாளா இப்படி?"

மேஜைமேல் குமாஸ்தா எழுதிய இங்கிலீஷ் கடிதம் கிடந்தது, ஒவ்வொரு கமாவைச் சுற்றியும் சிவப்பு வட்டம். தலைமைக் குமாஸ்தா பதவிக்கு எழுதிக்கொண்டுவரச் சொன்ன பரீட்சையே அந்தக் கடிதம்தான்.

"சின்ன வயசுலேர்ந்தே இந்தக் கமா தகராறு சார். போன மாசம்தான் எதிர்க் கட்டடத்து நாலாவது மாடி இங்கிலீஷ் மாஸ்டர்கிட்ட டியூஷன் சேர்ந்தேன்."

மாஸ்டரின் பாடம் ரொம்பச் சுலபம். எழுதுவதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். மூச்சு வாங்கும் இடத்தில் கமா, மூச்சு முட்டினால் முற்றுப்புள்ளி, கேள்விக்குறிக்குப் புருவம் தானாக உயரும். லிஃப்ட் படுத்து ஒரு வருஷம் ஆகிறது. குமாஸ்தா தொந்தியைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறிப் போய், உட்கார்ந்த கையோடு இந்தக் கடிதத்தை எழுதியிருந்தார்.

"மொத்தம் நாற்பத்தேழு," என்றார் மேனேஜர். "வீட்டுல தெரியுமா?"

"அவதான் சார் எண்ணிப் பார்த்தா. இவ்வளவு ஆகாதுன்னு சொன்னா, நான்தான் கேக்கல."

குமாஸ்தாவுக்கு மானமே போயிற்று. மூன்று பக்கச் சுற்றறிக்கையில்கூட ஒரு கமா போடாத மனிதர் முன்னால் இப்படியா நிற்பது. அலமாரியில் மேனேஜர் நீச்சல் போட்டிகளில் வாங்கிய கோப்பைகள் வேறு வரிசையாகப் பல்லிளித்தன.

"பதவி வேண்டாம் சார். வேலையை மட்டும் எடுத்துடாதீங்க, பொண்ணு காலேஜ்ல படிக்கிறா."

மேனேஜர் காதிலேயே வாங்கவில்லை. "கடைசி வரியில மட்டும் ஒன்பது," என்று முணுமுணுத்தபடி ஃபோனை எடுத்தார். "வண்டிய வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்க. இவரோட பையையும் எடுத்து வண்டியில வச்சிடுங்க."

இருபத்திரண்டு வருஷ வேலை ஒரே ஃபோனில் முடிந்துவிட்டது. குமாஸ்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மாஸ்டர் சொல்லிக்கொடுத்தபடிதானே சார் எழுதினேன். அதுல என்ன தப்பு?"

"தப்பா? பேசாம மெதுவா நடங்க, நெஞ்சு டாக்டர்கிட்ட சொல்லியாச்சு," என்று மேனேஜர் அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டார். "நானும் அதே மாஸ்டர்கிட்டதான் படிச்சேன்."