ஜீப் போட்ட பாதை

கடலோர மணலிலேயே வெகுதூரம் ஓடிவந்து, ஆளில்லாத இடமாகப் பார்த்து நின்றது ஜீப். கூட வந்தவர்கள் காசு செலவில்லாமல் கூடாரம் அடித்தார்கள். சாப்பிட்ட குப்பையைக்கூட மூட்டை கட்டிவிட்டார்கள். 'நாம வந்த சுவடே தெரியாது' என்று ஜீப்புக்கு ஒரே பெருமை.

விடிந்ததும் ஓர் ஆமைக்குஞ்சு வந்து அதன் சக்கரத்தில் முட்டியது.

"மாமா, பாதை முடிஞ்சுபோச்சு. கடல் எங்கே?"

"பக்கத்துலதானே இரையுது! ஏறிப் போயேன்."

"இந்தச் சுவர்ல ஏற முடியலையே மாமா. ராவெல்லாம் இதுக்குள்ளயே நடந்தோம். கூட வந்தவங்களைக் காக்கா தூக்கிட்டுப் போயிருச்சு."

மலையெல்லாம் ஏறிய ஜீப் குனிந்து பார்த்தது. சுவர் நாலு விரல் உயரம்கூட இல்லை. பள்ளத்தின் தரையெல்லாம் தன் டயரின் அச்சு.

பானெட்டில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. ஹாரன் அடித்து விரட்டலாம்தான். சாவி கூடாரத்துக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.